ஞாயிறு மதியம் உங்கள் வீட்டு முள் எங்கே நின்றது?

கொழிஞ்சாம்பாறைக்காரன் (ஞாயிறு, மாலை 4:40)

வணக்கம். ஓர் உதவி கேட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன், பழைய கதை பேச அல்ல. யாராவது பேசினால் தடுக்கவும் மாட்டேன்.

அம்மாவுக்கு 78 வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்ட வீட்டில் இருக்கிறார். நான் பாலக்காடு டவுனில். வாரம் ஒருமுறை போய் வருவேன். அப்பா வாங்கிய மூன்று பேண்ட் ட்ரான்சிஸ்டர் இன்னும் அடுக்களை ஜன்னல் திண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. தோல் உறை கிழிந்து, அதை அம்மா சாக்கு ஊசியால் தைத்து, அந்தத் தையலும் இப்போது பிரிகிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் கோவை நிலையம் வைப்பது அவர் வழக்கம். ஒலிச்சித்திரம் உள்ள நாள் என்றால் பாத்திரம் கழுவாமல் அப்படியே கிடக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு முழுப் படம், வசனமும் பாட்டுமாகக் காதுக்கு மட்டும். சிவாஜி படங்களில் நான் கண்ணால் பார்த்தவற்றைவிடக் காதால் கேட்டவைதான் அதிகம். பிறகு டிவியில் பார்க்கும்போது பல காட்சிகள் ஏமாற்றமாக இருந்தன. நான் மனதில் கட்டி வைத்திருந்த அரண்மனை இன்னும் பெரியது.

கதைக்குப் போய்விட்டேன். விஷயம் இதுதான். டயல் கண்ணாடியில் கோவை வருகிற இடத்தில் அப்பா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார் (அக்காவுடையது, அதற்காக அவள் அழுதது தனிக் கதை). அம்மா எண்ணைப் பார்க்க மாட்டார், கோட்டைத்தான் பார்ப்பார். ஆறு மாதமாகக் கோட்டில் வைத்தால் வெறும் கொர்ர்ர்ர். "ஸ்டேஷனை மூடிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டார். இன்று நான் போனபோது ரேடியோவை அணைக்காமல் அந்தக் கொர் சத்தத்தையே வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

செல்போனில் போட்டுக் காட்டினேன். "இது உன் போன், உன் கூடவே போயிரும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நிலையத்தை உண்மையிலேயே மூடிவிட்டார்களா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய வால்வு (ஞாயிறு, மாலை 5:15)

தம்பி, நிலையத்தை மூடினார்களா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். கோபாலபுரம் ரோட்டில் முப்பத்தைந்து வருடம் ரேடியோ கடை வைத்திருந்தவன் கேட்கிறேன்: பெட்டி கரண்டில் ஓடுகிறதா, பேட்டரியிலா? அந்த அடுக்களையில் கடைசியாக என்ன புதிதாக மாட்டினீர்கள்? மற்ற நிலையம் ஏதாவது வருகிறதா?

இதற்குப் பதில் வந்த பிறகு சொல்கிறேன். அதுவரை பெட்டியைத் திறக்காதீர்கள். முக்கியமாக, யூடியூப் பார்த்துத் திறக்காதீர்கள்.

களியக்காவிளை சந்தை (ஞாயிறு, மாலை 5:40)

உங்களுக்குக் கோவை, எங்களுக்குத் திருநெல்வேலி. திருநெல்வேலி 1197 கிலோ ஹெர்ட்ஸ், திருவனந்தபுரம் 1161. டயலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பெருவிரல் நகம் அசைந்தால் மாநிலம் மாறிவிடும். தாத்தா 1197-இல் வைத்துவிட்டு வெற்றிலை இடிக்கப் போவார். யாரோ நடக்கிற அதிர்வில் முள் நகர்ந்து, திரும்பி வரும்போது அதே பெட்டி மலையாளம் பேசிக்கொண்டிருக்கும். "எவன் தொட்டான்?" என்று ஒரு சத்தம் வரும். யாரும் தொட்டிருக்க மாட்டோம்.

ஆனால் உண்மையைச் சொன்னால் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் இந்த இரண்டுமே இல்லை. சிலோன்தான், அதாவது இலங்கை வானொலி. கடல் காற்றோடு அவ்வளவு தெளிவாக வரும். அங்கே அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டு, அதே வேகத்தில் சந்தையில் மீன் விலை சொன்ன ஓர் ஆளை எனக்குத் தெரியும். மீனும் விற்றது.

மூணாறு லயம் (ஞாயிறு, இரவு 7:05)

மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவள். இப்போது போடியில் இருக்கிறேன்.

எங்கள் லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பத்து வீட்டுக்கு ஒரு ரேடியோ. ஞாயிறு லீவு. காலையில் மூணாறு பஜாருக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அப்புறம் துணி துவைக்கிற கல் பக்கத்தில் ரேடியோவைக் கொண்டுவந்து வைப்பார்கள். மலை மடிப்பில் இருந்ததால் எங்கள் லயத்தில் ஒன்று கேட்டால் ஒன்று கேட்காது. பக்கத்து டிவிஷனில் வருகிற நிலையம் எங்களுக்கு வராது. அதனால் ஏரியலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எப்போதும் சின்னப் பிள்ளைகளுக்கு. நான் பிடித்தால்தான் தெளிவாக வரும் என்று என் பெரியம்மா சொல்வார். அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு ஒரு படம் முழுக்க ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறேன். வில்லன் செத்த பிறகுதான் கையை இறக்கினேன்.

பின்னால் கொடைக்கானல் எஃப்.எம். வந்தது, 100.5. மலை உச்சியிலிருந்து வருவதால் கண்ணுக்குத் தெரிகிற மேடெல்லாம் கேட்கும். தேவிகுளம் நிலையமும் வந்தது, 101.4, மலையாளத்தோடு தமிழும் சேர்த்து. அதற்குப் பிறகு ஏரியல் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் கல்லைச் சுற்றி உட்காருவதும் அதோடு குறைந்துவிட்டது. ஆளுக்கொரு பெட்டி வந்துவிட்டதே.

கொழிஞ்சாம்பாறைக்காரன் (ஞாயிறு, இரவு 7:30)

பழைய வால்வு ஐயா, பெட்டி கரண்டில்தான் ஓடுகிறது. பேட்டரி போடுகிற அறையில் ஸ்ப்ரிங் துருப்பிடித்திருக்கிறது. புதிதாக மாட்டியது என்றால், நான்தான் அடுக்களைக் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டேன், பொங்கலுக்கு முன்னால். அம்மாவுக்குக் கண் தெரியட்டும் என்று. திரிச்சூர் கரகரப்போடு வருகிறது, ஆனால் அதுவும் டயலில் 630 என்று எழுதியிருக்கிற இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி.

மூணாறு அக்கா, ஒற்றைக் கையோடு நின்ற கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பாவம் பிள்ளை" என்றார், உங்களை இன்னும் ஏழு வயது என்று நினைத்துக்கொண்டு.

பழைய வால்வு (ஞாயிறு, இரவு 8:10)

வியாதி பாதி பிடிபட்டது. "கொஞ்சம் தள்ளி" என்றீர்களே, அந்த வார்த்தை எனக்குப் போதும்.

பொறுமையாகக் கேளுங்கள். டயலைத் திருப்பினால் முள் நகர்வது ஒரு நூலால். நாங்கள் டயல் கயிறு என்போம். திருகிலிருந்து கப்பி வழியாகப் போய் நிலையத்தைப் பிடிக்கிற கேங் கண்டென்சரின் சக்கரத்தைச் சுற்றி வரும். முள் அந்தக் கயிற்றில் சும்மா கவ்விக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வயசானால் கயிறு தொய்யும், முள் வழுக்கும். அப்போது முள் காட்டுகிற இடம் ஒன்று, உள்ளே பெட்டி நிற்கிற இடம் வேறு. அப்பா போட்ட கோடு சரிதான் தம்பி. முள்தான் பொய் சொல்கிறது.

இன்னொரு பாதி அந்த எல்.இ.டி. அதற்குள் இருக்கிற மலிவான டிரைவர் சர்க்யூட் மத்திய அலை (மீடியம் வேவ்) முழுக்க இரைச்சலைக் கொட்டும். செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் அதே ஜாதி. சந்தேகமிருந்தால் பேட்டரி செட் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மெயினை அணைத்துப் பாருங்கள். கரண்ட் போன வீட்டில் ரேடியோ எவ்வளவு சுத்தமாகப் பேசும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒரு வேடிக்கை. நம் பக்கத்து மத்திய அலை எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கோவை 999, திரிச்சூர் 630, திருச்சி 936, சென்னை 720, மேலே ஒருவர் சொன்ன 1161, 1197. எல்லாம் ஒன்பதால் வகுபடும். நிலையத்துக்கு நிலையம் ஒன்பது கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி என்று நாடுகள் சேர்ந்து வைத்த கணக்கு அது. கடையில் பையன்களுக்கு வாய்ப்பாடு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நகரித் தறி (ஞாயிறு, இரவு 8:55)

ஆந்திராப் பக்கத்திலிருந்து ஒரு குரல். சித்தூர் மாவட்டம், நகரி.

கரண்ட் போனால் ரேடியோ சுத்தம் என்று ஐயா சொன்னது எங்களுக்கு இரட்டிப்பு உண்மை. விசைத்தறி ஓடுகிற வீட்டில் ரேடியோ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தட தடவென்று தெருவே அதிரும். பவர் கட் ஆனதும் தெரு முழுக்கச் சட்டென்று அமைதியாகும். அந்த அமைதிக்குள் நாலு வீட்டிலிருந்து ஒரே பாட்டு கேட்கும். அதுவரை பாடிக்கொண்டிருந்த பெட்டிகள்தான், யார் காதிலும் விழவில்லை. ஞாயிறு மதியம் கரண்ட் போகாதா என்று வேண்டிக்கொண்ட ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு மெட்ராஸ் 720 நன்றாக வரும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வெளியே இரண்டும் கலந்து. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கமே இருந்துவிட்டோம். ரேடியோவுக்கு அந்தச் செய்தி யாரும் சொல்லவில்லை. தமிழ் ஒலிச்சித்திரத்தைப் போலவே தெலுங்கில் 'சங்க்ஷிப்த சப்த சித்திரம்' வரும். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் படம் ஓடிவிடும் என்று அப்பா கிண்டல் செய்வார். ஆனால் என் தெலுங்கு அதில் கேட்டு வளர்ந்ததுதான். கடப்பா நிலையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, தறியில் என்னோடு நின்ற பையன் ஒவ்வொரு வசனத்துக்கும் அர்த்தம் சொல்வான்.

புழைக்கரை (ஞாயிறு, இரவு 9:20)

நானும் சித்தூர்தான்!

நகரித் தறி (ஞாயிறு, இரவு 9:24)

எந்தத் தெரு?

புழைக்கரை (ஞாயிறு, இரவு 9:31)

மன்னிக்கவும், நான் பாலக்காட்டுச் சித்தூர். உங்கள் சித்தூருக்கு வர வேண்டிய கடிதம் எங்கள் ஊருக்கு வந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா தமிழ், அம்மா மலையாளம். ஞாயிறு மதியம் கோவையில் ஒலிச்சித்திரம், திரிச்சூரில் சலச்சித்ர சப்தரேகை. இரண்டு படத்துக்கும் ஒரே பெட்டி. கடைசியில் பாட்டி ஒரு தீர்ப்புச் சொன்னார்: ஒரு வாரம் அப்பனுக்கு, ஒரு வாரம் அம்மைக்கு. நாங்கள் பிள்ளைகள் எந்த வாரம் எது என்று காலண்டரில் 'த', 'ம' போட்டு வைத்தோம். மாசத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் சண்டைதான்.

ஒன்று கவனித்திருக்கிறேன். மலையாளச் சப்தரேகையில் மௌனம் அதிகம். காலடிச் சத்தம், கதவு, மழை, யாரோ பெருமூச்சு. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு என்ன நடக்கிறது என்றே பாதி நேரம் தெரியாது. நம் பழைய தமிழ்ப் படங்களோ ஒலிச்சித்திரத்துக்கென்றே எடுத்தவை மாதிரி. கதாநாயகன் "அதோ, அந்தக் கத்தியை எடுத்து..." என்று செய்வதையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். நாடக மேடையிலிருந்து வந்த வசனம் அல்லவா. மைக் செட்டுக்காரர்கள் கல்யாண வீட்டில் கதை வசன இசைத்தட்டைப் போட்டதும் அதனால்தான். காதுக்கு மட்டுமே போதும்.

எஃப்.எம். குட்டி (ஞாயிறு, இரவு 10:02)

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒலிச்சித்திரம் என்பது படத்தை வெட்டிக் குறுக்கி, படமில்லாமல் போட்டது. அதில் என்ன பெரிய கலை? அன்றைக்கு வேறு வழியில்லை, கேட்டீர்கள். இன்று படமே கையில் இருக்கிறது. வேறு வழி இல்லாததை நல்ல காலம் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

களியக்காவிளை சந்தை (ஞாயிறு, இரவு 10:20)

குட்டி, நீ சொல்வதில் பாதி சரி. வேறு வழியில்லை என்பது உண்மை. எல்லாருக்கும் தியேட்டர் போகக் காசு இல்லை, போனாலும் பெண்கள் தனியாகப் போக முடியாது.

ஆனால் வெட்டுவது கலை இல்லை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். பாட்டு இல்லாமல் விட்டால் நேயர்கள் எழுதுகிற கார்டில் திட்டு வரும், முழுதாகப் போட்டால் கதை நிற்கும். சண்டைக் காட்சி காதுக்கு வெறும் 'டிஷ்யூம்'. அதைச் சுருக்க வேண்டும், ஆனால் யார் செத்தான் என்று தெரிய வேண்டும். நல்ல கையில் பட்டால் படத்தைவிட ஒலிச்சித்திரம் விறுவிறுப்பாக இருக்கும். மோசமான கையில் பட்டால், ஒரு தடவை கதாநாயகி அறிமுகமாவதற்கு முன்பே அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எந்த நிலையம் என்று கேட்காதே.

பழைய வால்வு (ஞாயிறு, இரவு 10:45)

சிலோனைப் பற்றி யாரோ சொன்னதால் ஒரு வரலாறு. இதில் வயசு எனக்கு உதவுகிறது.

1950-களில் கேஸ்கர் என்று ஒருவர் தில்லியில் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு கேட்டால் நாடு கெட்டுவிடும் என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. சனங்கள் என்ன செய்தார்கள்? சாஸ்திரிய சங்கீதமா கேட்டார்கள்? முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்தார்கள். உலகப் போரில் படைகளுக்காக அங்கே வைத்த பெரிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் சண்டை முடிந்து இலங்கைக்காரர்கள் கைக்கு வந்திருந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தார்கள். இந்தியும் தமிழும் அங்கிருந்து கொட்டியது. விளம்பரக் காசும் அங்கே போனது. 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி வந்தது அந்தக் கூட்டத்தைத் திருப்பி அழைக்கத்தான்.

என் அப்பா கடையில் அப்போது ரேடியோ வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்ட கேள்வி "சிலோன் எடுக்குமா?" என்பதுதான். எடுக்காத பெட்டி விலை போகாது.

எலப்புள்ளி (திங்கள், காலை 6:30)

ராத்திரி தூங்கிவிட்டேன், இழை எங்கேயோ போய்விட்டது.

யாருமே சொல்லாததால் சொல்கிறேன். எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது எங்கள் எலப்புள்ளியில், 1928-இல். பி.லீலா சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர்!). ஆந்திராப் பக்கம் சுசீலா விஜயநகரம், ஜானகி ரேபல்லே, பி.பி.ஸ்ரீனிவாஸ் காக்கிநாடா. ஞாயிறு மதியம் மெட்ராஸிலிருந்து வந்த தமிழ்ப் பாட்டில் பாதியைப் பாடினவர்களும் போட்டவர்களும் நம்மைப் போல எல்லைக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள். எங்கள் ஊர் டீக்கடையில் எம்.எஸ்.வி. பாட்டு வந்தால் ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். முடிந்த பிறகுதான் எடுப்பார். ஆறிப்போன டீக்கு இன்னொரு டீ இலவசமாகக் கேட்பார். கடைக்காரர் கொடுக்கவும் செய்வார்.

மூணாறு லயம் (திங்கள், காலை 11:15)

நேயர் விருப்பம் பற்றி யாரும் எழுதவில்லையே? 15 பைசாக் கார்டில் எத்தனை பேர் எழுத முடியும் என்று எங்கள் லயத்தில் போட்டியே நடந்தது. எழுத்தைப் பொடியாக்கி ஒரு கார்டில் 41 பேர் போட்டேன். பெயர் வைக்காத குழந்தை ஒன்று, அதற்கு 'பாப்பா' என்று போட்டோம். அப்புறம் எங்கள் லயத்து நாய் 'மணி'. வாசித்தார்கள்! "...பாப்பா, மணி மற்றும் குடும்பத்தினர்" என்று. அந்த நாய் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருந்தது, எல்லாரும் அதை ரேடியோ மணி என்றே கூப்பிட்டார்கள்.

பாட்டு எது என்று இப்போது நினைவில்லை. பெயர் வாசித்ததுதான் நினைவிருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன் (திங்கள், மதியம் 1:10)

நாங்களும் எழுதியிருக்கிறோம். ஊர்ப் பெயர்தான் தகராறு. கொழிஞ்சாம்பாறையை ஒருவர் 'கொளிஞ்சாம்பாறை' என்றார், இன்னொருவர் 'கொழுந்தாம்பாறை' என்றார். மூன்றாவது முறை வெறும் 'கேரளாவிலிருந்து' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு அதுதான் கோபம். "ஒரு ழ-வுக்குப் பயந்து ஊரையே விட்டுட்டான்" என்றார்.

குட்டிக்கு ஒன்று. நான் மலையாள மீடியத்தில் படித்தவன். எனக்குத் தமிழ் எழுத்து இருபது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த நல்ல தமிழ், வீட்டுத் தமிழைத் தாண்டிய தமிழ், முழுக்க அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. 'ஆயினும்' என்ற வார்த்தையை ஒரு ராஜா பேசிக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். படத்தில் பார்த்திருந்தால் கிரீடத்தைப் பார்த்திருப்பேன், வார்த்தையைக் கவனித்திருக்க மாட்டேன்.

புழைக்கரை (திங்கள், மதியம் 2:00)

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பள்ளி இருக்கிறதே? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எல்லைத் தமிழர் எல்லாருக்கும் ரேடியோதான் பள்ளிக்கூடம் என்பது போல ஆகிவிடும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் (திங்கள், மதியம் 2:15)

இருக்கிறது. அக்கா அதில்தான் படித்தாள். வேலை கிடைக்க வசதி என்று என்னை மட்டும் மலையாளத்தில் போட்டார்கள். என் கதையைச் சொன்னேன், ஊர்க் கதையை அல்ல.

எஃப்.எம். குட்டி (திங்கள், இரவு 9:40)

சரி, 'ஆயினும்' நியாயம்தான். ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி தாத்தாவின் செட்டைத் தூசி தட்டி வைத்துப் பார்த்தேன். எங்கெங்கோ இருந்து ஏழெட்டு ஸ்டேஷன், ஒன்றின் மேல் ஒன்று. இன்று மதியம் பார்த்தால் இரண்டே இரண்டு. செட் கெட்டுவிட்டதா?

பழைய வால்வு (திங்கள், இரவு 10:05)

செட் நன்றாக இருக்கிறது. வெயில் இருக்கும்போது வானத்தில் கீழ் அடுக்கு ஒன்று மத்திய அலையை விழுங்கிவிடும். பக்கத்து நிலையம் மட்டும் தரையோடு வரும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும், மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி ஊர்பட்ட நிலையம் எல்லாம் வந்து இறங்கும். அதனால்தான் ஞாயிறு மதியம் நம் எல்லைக்காரர்களுக்குக் கூட்டமில்லாத நேரம். பாலக்காட்டில் கோவையும் திரிச்சூரும், நகரியில் மெட்ராஸும் கடப்பாவும். பெட்டிக்குள் இரண்டு பேர் மட்டும்.

தாத்தா செட்டைத் தூசி தட்டினாய் பார், அதற்கு நன்றி. இன்னொன்று செய். செட்டை அப்படியே மேசையில் வைத்துக் கால்வட்டம் திருப்பிப் பார். உள்ளே ஃபெரைட் கம்பி ஒன்று படுத்திருக்கிறது. அதன் முனை நிலையத்தைப் பார்த்து நின்றால் சத்தம் செத்துவிடும், பக்கவாட்டு காட்டினால் உயிர் வரும். இது கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கும் சேர்த்து.

கொழிஞ்சாம்பாறைக்காரன் (அடுத்த ஞாயிறு, மாலை 4:25)

நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

காலையில் போகும்போதே ஒரு பழைய குண்டு பல்பு தேடி வாங்கினேன். நான்கு கடை ஏறினேன். நாலாவது கடைக்காரர் அதைக் கோழிக்குஞ்சு அடைக்கவா என்று கேட்டார். அடுக்களை எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு இதை மாட்டியதும் கொர் பாதியாகக் குறைந்தது. பேட்டரி அறையின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, பெட்டியையும் பேட்டரியில் ஓட்டினேன். இன்னும் குறைந்தது. ஆனால் கோட்டில் கோவை இல்லை.

பிறகு ஐயா சொன்னபடி முள்ளைப் பார்க்காமல் காதை வைத்துத் திருப்பினேன். அம்மா பக்கத்தில் நின்று "கோடு அங்கே இருக்கு, நீ எங்கே போறே" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். கோட்டுக்கு இரண்டு விரற்கடை இடது பக்கம், கேட்டது. முதலில் ஒரு தவில் மாதிரி, அப்புறம் ஒரு பெண் குரல், தமிழ். ஜன்னல் திண்டில் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பி வைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. நிலையம் மூடவே இல்லை. ஆறு மாதமாக இரண்டு விரற்கடை தள்ளி அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

முள்ளைக் கோட்டுக்கு நகர்த்தித் தரலாமா, கயிற்றை இறுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். ஐயா திறக்க வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடி முன்னால் போய், நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்து வந்து, முள் நின்ற இடத்தில் டயல் கண்ணாடியில் ஒட்டினார். அப்பா போட்ட சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது.

"ஒலிச்சித்திரம் இன்னைக்கு இல்லையாம்மா?" என்றேன்.

"பாட்டு ஓடட்டும், நீ பாத்திரத்தைக் கழுவு" என்றார்.

பழைய வால்வு (ஞாயிறு, மாலை 4:50)

கயிறு இறுக்க வேண்டுமென்றால் பெட்டியைக் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். பொட்டை மட்டும் எடுக்காமல் கொண்டு வாருங்கள்.